ஏழாவது குழிக்கு ஒரு திருத்தம்

என் வீட்டுக்காரர் இருபத்தாறு வருஷமாக ஒரு கோல்ஃப் கிளப்பில் குமாஸ்தா. இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட மட்டையைத் தொட்டதில்லை. ஆனால் வெள்ளிக்கிழமைதோறும் அந்தக் கிளப்புக்கு நான்கு பக்கத்தில் ஒரு வாரச் செய்தி வெளிவரும். அதை எழுதுவது, டைப் அடிப்பது, பிரதி எடுப்பது, மடிப்பது எல்லாம் அவர்தான். யார் கோப்பை வாங்கினார், யாருக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, யார் வீட்டு நாய் குட்டி போட்டது, இதுதான் செய்தி. வாங்குகிறவர்கள் நூற்றுப்பத்துப் பேர். அத்தனை பேரும் தங்கள் பெயர் எங்கே இருக்கிறது என்று மட்டும் தேடிப் படித்துவிட்டு, அந்தத் தாளின் மேலேயே டீ கோப்பையை வைப்பார்கள்.

நான் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் மேற்பார்வை. பெரிய மனிதர், சின்ன மனிதர் எல்லாருடைய படுக்கை விரிப்பும் கடைசியில் என் முன்னால்தான் வந்து விழும். அதனாலோ என்னவோ, எனக்கு யாரைக் கண்டும் பிரமிப்பு வருவதில்லை. அவருக்கு எல்லாரைக் கண்டும் வரும். வியாழக்கிழமை சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் தாள்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். கடைசியாக வந்தவரை 'இறுதிவரை தளராமல் போராடினார்' என்று எழுதுவார். ஆறு பந்துகளைக் குளத்தில் போட்டவரை 'குளத்துத் தண்ணீரும் அவர் உற்சாகத்தை அணைக்கவில்லை' என்று எழுதுவார்.

"இதுக்குப் பேரு செய்தியா? ஜால்ரா," என்பேன்.

"யாரு மனசும் நோகாம எழுதணும்மா. அது லேசுப்பட்ட வேலை இல்ல," என்பார்.

அந்தத் தாளுக்கு ஒரு விதி உண்டு. உறுப்பினர்கள் பெயர் மட்டும்தான் அதில் வரலாம். வேலை செய்கிறவர்கள் 'பணியாளர்கள்', அவ்வளவுதான். புல் தானாகவே அரை விரல் உயரத்துக்கு வளர்ந்து நின்றுகொள்கிறது என்பதுபோல 'மைதானம் அருமையாக இருந்தது' என்று போடுவார்கள். ஆயிரத்து முந்நூறு தாள் எழுதியவரின் பெயர் ஒரு தாளிலும் வந்தது கிடையாது. அதில் அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

அந்தக் கிளப்பின் தலைவர் டயர் வியாபாரி. தலைவர் கோப்பை என்று வருஷத்துக்கு ஒரு போட்டி அவர் பெயரில் நடக்கும், அதில் அவரும் ஆடுவார், முதல் ஆளாக அவர்தான் அடித்துத் தொடங்குவார். வேறு யாராவது முன்னால் போனால் வானம் இடிந்து விழுந்துவிடும்.

மைதானத்தில் மொத்தம் ஒன்பது குழிகள்தான். அதையே இரண்டு சுற்று சுற்றிப் பதினெட்டு என்று கணக்கு வைத்துக்கொள்வார்கள். ஒரே இடத்தில் புல் தேய்ந்துவிடக் கூடாது என்பதற்காகக் குழிகளை அடிக்கடி இடம் மாற்றுவார்கள். அதைச் செய்கிறவரை எல்லாரும் புல்லுக்காரர் என்பார்கள். விடியற்காலையில் வந்து, புது இடத்தில் உருளை போல மண்ணோடு புல்லைத் தோண்டி எடுப்பார். பழைய குழியில் இருக்கும் கிண்ணத்தையும் கொடியையும் எடுத்துப் புதுக் குழியில் வைப்பார். தோண்டி எடுத்த உருளையைக் கொண்டுபோய்ப் பழைய குழியில் பொருத்தி மிதித்துவிடுவார். பிறகு நீங்கள் குனிந்து பார்த்தாலும் அங்கே குழி இருந்த அடையாளம் தெரியாது. அந்த மைதானத்தில் வேலை தெரிந்த ஒரே மனிதர் அவர்தான் என்பது என் அபிப்பிராயம்.

போட்டி நடந்த ஞாயிற்றுக்கிழமை, ஏழாவது குழியில் கொடியைப் புது இடத்தில் நட்டாயிற்று. உருளையைக் கையில் எடுத்தாயிற்று. அப்போது போன் வந்தது. முந்தின நாள் மழையில் வாசல் சேறாகிக் கிடந்தது, தலைவரின் கார் பின்சக்கரம் அதில் புதைந்துவிட்டது, உடனே தள்ள வா என்றார்கள். புல்லுக்காரர் உருளையை ஈரச்சாக்கில் சுற்றி வாளியில் வைத்துவிட்டு ஓடினார். காரைத் தள்ளி, தெறித்த சேற்றை முகத்திலிருந்து வழித்துக்கொண்டு, சக்கரம் போட்ட பள்ளத்தையும் கல் கொட்டி நிரப்பிவிட்டு அவர் திரும்புவதற்குள், அதே காரிலிருந்து இறங்கிய மனிதர் ஆறு குழிகளை முடித்துக்கொண்டு ஏழாவது குழிக்கு வந்துவிட்டார். அடித்தார். பந்து கொடிப் பக்கமே போகவில்லை. எங்கெங்கோ உருண்டு, மூடாமல் கிடந்த பழைய குழியில் போய் விழுந்தது.

ஒரே அடியில் பந்து குழிக்குள் போனால் அதற்கு ஹோல் இன் ஒன் என்று பெயர். ஆயுசுக்கும் சொல்லிக்கொண்டு திரியலாம். கிளப்புச் சுவரில் அதற்கென்று ஒரு பலகை தொங்குகிறது. தலைவர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு குதித்தார். கூட ஆடிய மூன்று பேரும் கை தட்டினார்கள். தட்டிவிட்டு, தங்கள் பந்துகளைக் கொடி நின்ற புதுக் குழியில் போட்டார்கள். நான்கு பேருக்கும் கண் இருந்தது. ஒருவருக்கும் வாய் இல்லை. அவர்கள் அந்தப் பக்கம் நகர்ந்ததும் புல்லுக்காரர் பழைய குழியை மூடினார். அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லாரும் கொடி இருந்த குழியில்தான் முடித்தார்கள்.

சாயங்காலம் கோப்பை தலைவருக்கே போனது. இரண்டாவதாக வந்தவர் பல் டாக்டர். தலைவர் எல்லாருக்கும் காட்டிக்கொண்டிருந்த பந்தை அவரும் வாங்கிப் பார்த்தார்.

"கிண்ணத்துல விழுந்த பந்துல ஏன் சார் இவ்வளவு மண்ணு?" என்றார்.

செவ்வாய்க்கிழமை குழு கூடியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க ஐந்து பேர் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பேசினார்கள். கடைசியில் ஒரு தீர்மானம் போட்டார்கள். தலைவரின் பந்து சரியான குழியில்தான் விழுந்தது. அன்றைக்குக் கொடிதான் தப்பான இடத்தில் இருந்தது. தப்பாக நட்டது புல்லுக்காரர். ஆகவே மாதக் கடைசியோடு அவருக்கு வேலை இல்லை.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் வந்து இதை எனக்கு ஒப்பித்தார். வேலைநீக்கக் கடிதத்தை டைப் அடித்தவர் அவர்தான்.

"ரொம்ப கடுமையா இல்லாம, நாசூக்கா எழுதிக் குடுத்தேன். 'இதுவரை ஆற்றிய பணிக்கு நன்றி'ன்னு ஒரு வரி நானே சேத்தேன்," என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். கையில் இருந்தால் எறிந்துவிடுவேன் என்று பயம்.

"அந்த ஆளுக்கு அம்பத்திநாலு வயசு. இனிமே எவன் வேலை குடுப்பான்? நீங்களே அவரு கழுத்தை அறுத்துட்டு, நாசூக்காம், நன்றியாம்! தூ!"

"நான் என்னம்மா பண்றது? தீர்மானம் அவங்க போட்டது."

"அவங்க போடுவாங்க, நீங்க டைப் அடிப்பீங்க. இருபத்தாறு வருஷமா வேற என்ன கிழிச்சீங்க?"

புல்லுக்காரரின் மனைவி என் கீழேதான் வேலை பார்க்கிறாள். இரண்டு பேர் எதிரெதிரே நின்று விரிப்பின் முனைகளைப் பிடித்து மடிக்க வேண்டும். புதன்கிழமை அவளுக்கு எதிரே நான் நின்றேன். அவள் அழவில்லை. முனையோடு முனையைச் சேர்த்து, கோணாமல் மடித்துக்கொண்டே பேசினாள்.

"அக்கா, கடுதாசி வாங்கிக்கிட்டதுக்குக் கையெழுத்துப் போடணும்ல, அந்த இடத்துல உங்க வீட்டுக்காரர் பென்சில்ல புள்ளி வெச்சுக் குடுத்தாராம். இவருக்கு இடம் தெரியாமப் போயிடக் கூடாதுன்னு."

எனக்குத் தலை நிமிரவில்லை. அப்படியே பதினோரு விரிப்புகள் மடித்தேன். வீட்டுக்குப் போய் அந்தப் பென்சில் புள்ளியை மட்டும் அவரிடம் சொன்னேன். திட்டவில்லை. திட்டுவதற்கும் ஒரு ஆள் வேண்டுமே.

வியாழக்கிழமை சாயங்காலம் வழக்கம்போல மேஜையில் உட்கார்ந்தார். தட்டை அவர் முன்னால் நகர்த்திவிட்டு உள்ளே போய்விட்டேன். வெகுநேரம் டைப் அடிக்கும் சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தால், ஒரு பக்கம் விதிப் புத்தகத்தை விரித்து வைத்திருக்கிறார், இன்னொரு பக்கம் ஆட்டக்காரர்கள் எழுதிக் கொடுத்த அட்டைகள். ஆடாத ஆட்டத்தின் விதிகள் அத்தனையும் அந்த மனிதருக்கு மனப்பாடம். ஆடுகிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

"புல்லுக்காரர் வீட்டுக்கு ஒரு போன் போட்டுத் தரியா? பழைய குழிய எப்ப மூடினாருன்னு மட்டும் கேளு," என்றார்.

கேட்டேன். "தலைவர் அந்தப் பக்கம் போனாரு, இந்தப் பக்கம் மூடிட்டாராம்," என்று சொன்னேன்.

தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு கடகடவென்று டைப் அடித்து, தாளை என்னிடம் நீட்டினார். கல்யாணமான நாளிலிருந்து அவர் எழுதியதை என்னிடம் அவராகக் காட்டியது அதுதான் முதல் தடவை. அதில் இப்படி இருந்தது:

'ஞாயிறன்று ஏழாவது குழி என்பது கொடி இல்லாத குழியே எனக் குழு ஒருமனதாகத் தீர்மானித்துள்ளது. எனவே, கொடி இருந்த குழியில் பந்தைப் போட்டவர்கள் ஏழாவது குழியை முடிக்காதவர்கள் ஆகிறார்கள். விதிப்படி அவர்கள் போட்டியிலிருந்து நீக்கப்படுகிறார்கள். இரண்டாம் சுற்றில் தலைவரும் கொடி இருந்த குழியிலேயே பந்தைப் போட்டிருப்பதால் அவரும் நீக்கப்படுகிறார். இவ்வாண்டு கோப்பை யாருக்கும் இல்லை. தம்மையே நீக்கிக்கொண்ட தலைவரின் நேர்மைக்கு நம் பாராட்டுகள். நீக்கப்பட்ட முப்பத்தெட்டுப் பேரின் பெயர்கள் கீழே.'

கீழே முப்பத்தெட்டுப் பெயர்களும் வரிசையாக இருந்தன. பட்டங்கள் ஒன்றுகூட விடுபடவில்லை.

"இதைச் செயலாளர் விடுவாரா?" என்றேன்.

"பார்க்கலாம்," என்றார். ஓய்வு பெற அவருக்கு இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. அது எனக்கும் தெரியும். ஆனாலும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

செயலாளர் கையெழுத்துப் போட்டால்தான் தாள் வெளியே போகும். காலையில் அவர் தாளை வாங்கினார். விரலால் தடவிக்கொண்டே போனார். இருபத்து நான்காவது வரியில் தன் பெயரைக் கண்டுபிடித்தார். "ம், சரியா இருக்கு," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். இதை நான் கற்பனை செய்யவில்லை. என் வீட்டுக்காரருக்குக் கற்பனை கிடையாது, நடந்ததைத்தான் சொல்வார்.

பத்து மணிக்குள் நூற்றுப்பத்துத் தாளும் போய்விட்டது. பெயரைத் தேடிப் படிக்கிற கூட்டம், தங்கள் பெயரை எங்கே பார்க்க வேண்டுமோ அங்கே பார்த்தது. பிறகுதான் தலைப்பைப் படித்தது. மதியத்துக்குள் கிளப்பு சந்தைக்கடை ஆகிவிட்டது. ஹோல் இன் ஒன்னுக்குக் கை தட்டிய மூன்று பேரும், கொடிதான் சரியான இடத்தில் இருந்தது என்று முதலில் கத்தினார்கள். வேலை போகிற ஒருவனுக்காகத் திறக்காத வாய்கள், தங்கள் பெயர் போனதும் எப்படித் திறந்தன என்கிறீர்கள்! த்தூ, இவர்களெல்லாம் கனவான்கள்.

மறுநாள் குழு மறுபடியும் கூடியது. தீர்மானத்தை வாபஸ் வாங்கினார்கள். கொடி சரியான இடத்தில் இருந்தது. அப்படியானால் புல்லுக்காரர்மேல் குற்றம் இல்லை. கடிதமும் வாபஸ். பழைய குழியை மூடாமல் போனதற்காவது தண்டனை வேண்டும் என்று தலைவர் விடாமல் நின்றார்.

"மூடாம எங்கய்யா போனான்?" என்று, குழுவில் இல்லாவிட்டாலும் அன்றைக்குக் கூட்டத்தில் வந்து உட்கார்ந்திருந்த பல் டாக்டர் கேட்டார்.

"தலைவர் காரைத் தள்ளப் போனாருங்க," என்றார் மூலையில் குறிப்பு எழுதிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர்.

கோப்பை பல் டாக்டர் வீட்டுக்குப் போனது. பலகையில் தலைவர் பெயரை அதற்குள் எழுதி முடித்திருந்தார்கள். அதன்மேல் மர நிறத்தில் பெயிண்ட் அடித்தார்கள். அந்த இடம் மட்டும் இன்னும் பளபளவென்று இருக்கிறதாம்.

என் வீட்டுக்காரரை வேலையைவிட்டு அனுப்ப அவர்களால் முடியவில்லை. கீழே செயலாளர் கையெழுத்து இருக்கிறதே. செய்தித்தாளை மட்டும் அவரிடமிருந்து பிடுங்கித் தலைவரின் மருமகளிடம் கொடுத்தார்கள். அவரைக் காலணி அறையில் சாவி கொடுக்கும் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை அவர் வீட்டுக்கு வந்தபோது, கையில் அந்தப் பெண் எழுதிய முதல் தாள் இருந்தது. கடைசிப் பக்கத்தில் பெட்டி கட்டி ஒரு திருத்தம் போட்டிருந்தார்கள். சென்ற வாரச் செய்தி குமாஸ்தா தன்னிச்சையாகச் செய்தது, அதில் வேறு யாருக்கும் பங்கில்லை என்று இருந்தது. பக்கத்திலேயே அவருடைய முழுப் பெயர். அந்தத் தாள் பிறந்த நாளிலிருந்து அதில் வந்த முதல் பணியாளர் பெயர் அதுதான்.

அவமானத்தில் மனிதர் இடிந்துபோயிருப்பார் என்று நினைத்தேன். அந்த மருமகளை, அவள் மாமனாரை, அவர் டயர் கடையைச் சேர்த்துத் திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். அவர் தாளை மேஜையில் விரித்து, நீவி, அந்தப் பெட்டியின்மேல் விரலை வைத்தார்.

"படிச்சுப் பாரு. ஒரு எழுத்துகூடப் பொய் இல்ல," என்றார்.