கை நனைக்காத வீடுகளும் ஒரு டாக்கோ கடையும்

என் மகனுக்குப் பெண் பார்க்கப் போய்த் திரும்பிய வழியில்தான் அந்த டாக்கோ கடையைக் கண்டுபிடித்தோம். கண்டுபிடித்தோம் என்று சொல்வது கொஞ்சம் அதிகம். பசி எங்களை அங்கே கொண்டுபோய்த் தள்ளியது. பசிக்குக் காரணம் என் வீட்டுக்காரரின் அண்ணன்.

வீட்டுக்காரர் தவறிப்போன பிறகு எங்கள் குடும்பத்தில் நல்லது கெட்டதுக்கெல்லாம் அவர்தான் பெரியவர். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு காரில் முன்சீட்டில் ஏறிவிட்டால், நாட்டை ஆளப் போகிறவர் போல ஆகிவிடுவார். அவரிடம் ஒரு சட்டம் உண்டு. பெண் பார்க்கப் போன வீட்டில், சம்மதம் சொல்வதற்கு முன்னால் சாப்பிடக் கூடாது. காப்பி குடிக்கலாம், மிக்சர் கொறிக்கலாம். இலை போட்டால் எழுந்துவிட வேண்டும். கை நனைத்துவிட்டால் ஒத்துக்கொண்டோம் என்று அர்த்தம்.

எங்கள் பக்கத்துப் பழைய வழக்கம்தான். ஆனால் அது பெண்ணைப் பெற்றவர்கள் மாப்பிள்ளை தேடி அலைந்த காலத்து வழக்கம். இப்போது பாப்பிரெட்டிப்பட்டியில் தோட்டம் பார்க்கிற பையன் என்று சொன்னதுமே தரகருக்கு போனில் சிக்னல் போய்விடுகிறது. என் மகனுக்கு முப்பத்துமூன்று முடியப்போகிறது. இதெல்லாம் பெரியவருக்குத் தெரியாது. தெரிந்தாலும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

எனக்கு எட்டாவதோடு படிப்பு நின்றது. கவலை மட்டும் நிற்கவில்லை, அதில் இந்நேரம் பெரிய பட்டமே வாங்கியிருப்பேன். டயர் வெடிக்குமா, மகன் போட்டிருக்கும் சட்டை ரொம்பப் பளிச்சென்று இருக்கிறதா, பெண் வீட்டில் நாய் இருக்குமா, போகிற வழியில் எனக்கு வாந்தி வருமா. இத்தனைக்கும் மேலே, இவன் இப்படியே தனிக்கட்டையாக நின்றுவிடுவானோ என்ற கவலை. மற்றதெல்லாம் அதை மறைக்க நான் போர்த்திக்கொண்ட போர்வைதான்.

முதல் வீடு கிருஷ்ணகிரிப் பக்கம். நான் தாலி இழந்தவள் என்பதால் எல்லாரும் நுழைந்த பிறகு கடைசியாக நுழைந்தேன். அதுவும் பெரியவர் சட்டம். உள்ளே ஆட்டுக்கறிக் குழம்பு கொதிக்கிற வாசனை. பெண் காப்பித் தட்டோடு வந்து நின்றாள். பார்த்தோம். இலை போட்டார்கள். பெரியவர் எழுந்தார்.

"வூட்டுக்குப் போய்க் கலந்து பேசிட்டுச் சொல்றோம்ங்க."

காரில் ஏறியதும் கலந்து பேச ஆரம்பித்தார். அவர் ஒருவரே கலந்தார். "பொண்ணு கொஞ்சம் குட்டை. வூடும் ஓட்டு வூடு. வேணாம்னு சொன்னா அவங்க மனசு ஒடஞ்சிரும், பக்குவமா சொல்லணும்."

என் மகன் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். காரிமங்கலத்துக்குக் கொஞ்சம் முன்னால், சர்வீஸ் ரோட்டில் ஒரு தகரக் கொட்டகை தெரிந்தது. வண்டியை ஒடித்து நிறுத்தினான். "எனக்குப் பசிக்குது பெரியப்பா."

பலகையில் டாக்கோ என்று எழுதியிருந்தது. நாலு பிளாஸ்டிக் மேஜை. பெங்களூர் ஓட்டலில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய ஒரு தம்பி, மக்காச்சோள மாவிலும் கேழ்வரகு மாவிலும் சின்னச் சின்ன ரொட்டி சுட்டு, இரண்டாக மடித்து, நடுவே கோழிக்கறியோ வேகவைத்த பயறோ வைத்து, பச்சை வெங்காயம், தக்காளி, துருவிய மாங்காய் எல்லாம் போட்டு எலுமிச்சை பிழிந்து தந்தார்.

பெரியவர் தட்டைப் பார்த்தார். மடித்ததைப் பிரித்து விரித்து, உள்ளே இருந்ததை ஓரமாக ஒதுக்கி, ரொட்டியை நடுவில் வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

"என்னுங்க ஐயா, நல்லா இல்லீங்களா?"

"கொழம்பு ஊத்துப்பா."

"இதுக்குக் கொழம்பு கெடையாதுங்க. அப்படியே எடுத்துக் கடிக்கணும்."

"கேவுரு ரொட்டிக்குக் கொழம்பு இல்லாம ஒரு கடையா? ரொம்ப நாள் தாங்காது தம்பி."

அந்த நேரத்தில் தரகர் போன் வந்தது. பெரியவர் ஸ்பீக்கரில் போட்டார். அவர் பக்குவமாகச் சொல்லத் தொடங்குவதற்குள் தரகர் முந்திக்கொண்டார். "பொண்ணுக்கு இஷ்டமில்லீங்களாம். கோச்சுக்காதீங்க."

பெரியவர், ஒதுக்கிவைத்த கோழிக்கறியை மறுபடி ரொட்டிக்குள் திணித்துக்கொண்டு சொன்னார்: "ஊர்ல கேட்டா, நாமதான் வேணாம்னுட்டோம்னு சொல்லிக்கலாம்."

நான் என்னுடையதைக் கடித்தேன். பாதி வாய்க்கும் பாதி மடிக்கும் போனது. புளிப்பும் காரமும் மண்டைக்கு ஏறின. இவ்வளவு கேவலப்பட்டுவிட்டு வந்திருக்கிறோம், இப்படி ருசிக்கிறதே என்று எனக்கே வெட்கமாக இருந்தது. இன்னொன்று கேட்டேன்.

அதற்குப் பிறகு அது வாடிக்கையாகிவிட்டது. பெண் வீட்டில் கை நனைக்காமல் எழுந்திருப்போம், காரில் பெண்ணைக் கழித்துக்கட்டுவோம், கடையில் உட்கார்ந்து அவர்கள் எங்களைக் கழித்துக்கட்டிய செய்தியைக் கேட்போம். கடைக்காரத் தம்பி எங்கள் உடுப்பைப் பார்த்தே புரிந்துகொள்வார். "இன்னைக்கும் அங்க சாப்பிடலீங்களா அக்கா?" என்று கேட்டுக்கொண்டே கல்லில் ரொட்டி போடுவார். பெரியவர் வாய் ஓயாமல் கடையைத் திட்டுவார். திட்டிக்கொண்டே மூன்று சாப்பிடுவார். ஒரு வீட்டில் பெண் தட்டோடு நின்றபோது நான் மனதுக்குள் இன்றைக்குக் கோழியா பயறா என்று யோசித்துக்கொண்டிருந்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் வரன் வருவதே நின்றது. பல மாதம் கழித்துத் தர்மபுரியில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிற ஒரு பெண்ணின் அப்பா பேசினார். "வூட்டுக்கு வந்து பாக்க வேணாங்குதுங்க பாப்பா. வெளிய எங்கியாவது பாக்கலாங்குது."

பெரியவர் குதித்தார். "கோயில்ல பாக்கலாம். ஓட்டல்லயா பொண்ணு பாப்பாங்க?"

"காரிமங்கலத்துக் கடைக்கு வரச் சொல்லிட்டேன் பெரியப்பா" என்றான் என் மகன். அவன் அவரிடம் கேட்காமல் செய்த முதல் காரியம் அதுவாகத்தான் இருக்கும்.

இதுதான் கடைசி வரன் என்று எனக்கு ஏனோ தோன்றியது. அந்தக் கடையில் நாங்கள் சாப்பிடுகிற லட்சணத்தை நேரில் பார்த்தால் எந்தப் பெண் சம்மதிப்பாள்?

அவள் ஸ்கூட்டியில் வந்தாள், பின்னால் அப்பா. வந்தவள் என் மகனுக்கு எதிரே நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். பெரியவர் கையைக் கட்டிக்கொண்டார். "நாங்க இப்பத்தான் சாப்ட்டுட்டு வந்தோம்ங்க." சொல்லும்போதே அவர் வயிறு கத்தியது. அதைக் கேட்டாரோ என்னவோ, கடைக்காரத் தம்பி வந்து தட்டை வைத்தார். "ஐயாவுக்கு எப்பவும்போல மூணு, காரம் தூக்கலா." பெரியவர் அவரை எரித்துவிடுவது போலப் பார்த்தார்.

அந்தப் பெண் முழங்கை வரைக்கும் வழியவிட்டுச் சாப்பிட்டாள். நடுவில் கேட்டாள், "தோட்டத்துல தண்ணி இருக்குதுங்களா?"

பெரியவர் இருமினார். மூன்று போர்க் கிணற்றிலும் தண்ணீர் பொங்குகிறது என்பதுதான் எல்லா வீட்டிலும் அவர் சொல்கிற பாட்டு.

"ஒரு போர் காஞ்சிருச்சுங்க" என்றான் என் மகன். "இருக்கிறதுல மரவள்ளி மட்டும் போட்டிருக்கேன்."

அவள் தலையாட்டினாள். பிறகு பெரியவர் பக்கம் திரும்பினாள். "ஆறிடும்ங்க மாமா. சாப்பிடுங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். ஒன்றை எடுத்தார். பிரித்து விரிக்கவில்லை, குழம்பு கேட்கவில்லை; அப்படியே கடித்தார். சிவப்புச் சாறு வெள்ளைச் சட்டையில் இறங்கியது.

"அப்ப உங்க பக்கம் சம்மதம்னு எடுத்துக்கலாங்களா?" என்றார் பெண்ணின் அப்பா. அவருக்கும் வழக்கம் தெரியுமல்லவா? வாய் நிறைய வைத்துக்கொண்டு பெரியவர் தலையைத்தான் ஆட்ட முடிந்தது.

அவள் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள், "எனக்கு ரெண்டு நாள் டைம் வேணும்ங்க. யோசிச்சுச் சொல்றேன்."

அந்த இரண்டு நாளும் நான் தூங்கவில்லை. பெரியவரும் தூங்கவில்லை என்று அவர் வீட்டில் சொன்னார்கள். அவருக்குக் காரமாகவும் இருந்திருக்கலாம். மூன்றாம் நாள் காலையில் அவளே என் மகனுக்கு போன் செய்தாள்.

கல்யாணத்தில் பெரியவர் பந்திக்குப் பந்தி போய்ச் சொன்னார்: "நான் கை நனைச்சப்பவே இது முடிஞ்ச காரியம்." ஒருத்தரும் மறுக்கவில்லை.

பிறகொரு நாள் அதே கடையில் மருமகளிடம் கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்தான், ஆனால் கவலை என்னை விடவில்லை. "தண்ணி பத்தாத தோட்டம்னு தெரிஞ்சும் ஏம்மா ஒத்துக்கிட்ட?"

"அவரு பொய் சொல்லலைங்க அத்தை." ஒரு வாய் கடித்துவிட்டு யோசித்தாள். "அதுக்கு முன்னாடி எத்தனையோ பேரு வந்து பாத்தாங்க. அன்னைக்குத்தான் நானும் உக்காந்து சாப்ட்டேன்."

நான் அவள் பக்கம் தட்டைத் தள்ளிவைத்தேன். பக்கத்து மேஜையிலிருந்து பெரியவர், இன்னும் கொஞ்சம் மாங்காய் போடச் சொல்லிக் கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தார்.