கிளிப் டீச்சரும் ஐந்து வால்களும்

"அசையாதீங்க, அசையாதீங்க... ஆங், மாட்டியாச்சு!"

வீட்டுத் தரகரின் சட்டைக் காலரில் நீலநிறத் துணிக் கிளிப் ஒன்றைக் கவ்வவிட்டு, இரண்டடி பின்னால் போய் நின்று தலையைச் சாய்த்துப் பார்க்கிறார் டீச்சர். தரகரின் கழுத்தில் தொங்கும் அட்டையில் 'ஹோம்' என்று எழுதியிருக்கிறது. கிளிப்பில் எழுதியிருப்பது 'லெஸ்'. இரண்டையும் சேர்த்துப் படித்த வகுப்பு கொல்லென்று சிரிக்கிறது. "முப்பது வருஷமா ஊருக்கெல்லாம் வீடு புடிச்சுக் குடுக்கிறேன், என்னையே நடுத்தெருவுல நிறுத்திட்டீங்களே டீச்சர்!" என்று தரகர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார்.

டயர் கடைக்கு மேல்மாடியில், ரப்பர் வாசனைக்கு நடுவே, மாலை ஆறு மணிக்கு நடக்கும் ஆங்கில வகுப்பு இது. படிக்கிறவர்கள் எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள்: ஹோட்டல் சமையல்காரர், டாக்சி ஓட்டும் பெண்மணி, வங்கி வாசலில் நிற்கும் காவலாளி, இந்தத் தரகர். ஆங்கிலச் சொல்லின் கடைசியில் வந்து ஒட்டிக்கொள்ளும் துண்டுகளுக்கு இலக்கணப் புத்தகம் பெரிய பெயரெல்லாம் வைத்திருக்கிறது. டீச்சர் அதைச் சீந்துவதே இல்லை. அவருக்கு அவை வால்கள். "தலையை விட்டுடுங்க, அது பாவம், அப்படியே இருக்கும். வாலை மாத்துங்க, ஆளே மாறிடுவான்" என்பார். 'ஹெல்ப்' என்றால் உதவி. 'ஃபுல்' மாட்டினால் உதவுகிற குணம். 'லெஸ்' மாட்டினால் நாதியற்ற நிலை. 'அர்' மாட்டினால் கூடமாட நிற்கிற ஆள். "என்ன அதிசயம் இதுல? நம்ம தமிழ்ல இல்லாததா? 'உழை'ன்னா செய்யச் சொல்றது. 'உழைப்பு'ன்னா வேலை. 'உழைப்பாளி'ன்னா ஆளு. அதே கதைதான், வேற கிளிப்பு."

வால்களெல்லாம் ஒரு ஒழுங்குக்கு வந்துவிட்டதாக வகுப்பு நிம்மதிப் பெருமூச்சு விடும்போதுதான் வில்லங்கம் வரும். டீச் செய்கிறவர் டீச்சர், டிரைவ் செய்கிறவர் டிரைவர் என்று கேட்டுக்கொண்டிருந்த சமையல்காரர் ஒருநாள் எழுந்து, மார்பில் கையை வைத்து, "அப்ப நான் குக்கர்" என்றார். டீச்சர் தயங்கித் தயங்கி உண்மையைச் சொன்னார். அவரை 'குக்' என்று மொட்டையாக விடவேண்டும். வால் வைத்தால் அடுப்பில் ஏற்றுகிற சாமானாகிவிடும். மனிதர் ஒரு வாரம் வகுப்புக்கே வரவில்லை. "ஊர்ல உள்ளவனெல்லாம் ஆளு, நான் மட்டும் பாத்திரமா?" என்று கேட்டு அனுப்பியிருந்தார். டீச்சர் அவருடைய ஹோட்டலுக்கே போய், சமையலறை வாசலில் நின்று, இங்கிலீஷ்காரன் சார்பாக மன்னிப்புக் கேட்டுக் கூட்டிவந்தார்.

கிளிப்புகள் வகுப்போடு நிற்பதில்லை. வீட்டில் பால் பாக்கெட்டின் வாயில் 'ஃபுல்', திறந்த பிஸ்கட் பொட்டலத்தில் 'நெஸ்', ஜன்னல் திரையில் 'லி'. மாடிவீட்டில் குடியிருக்கும் நாத்தனார் ஒரு நர்ஸ். அவருடைய கொடியில் இரவு இருக்கும் கிளிப் விடிந்தால் இருக்காது. "அண்ணி, என் யூனிஃபார்ம் நாலாவது வீட்டு மாமரத்துல தொங்குது. இந்த வயசுல என்னை மரம் ஏறச் சொல்றீங்களா?" என்று அவர் மாடியிலிருந்து கத்தாத வாரம் கிடையாது. டீச்சர் கீழிருந்து, "கல்விக்குக் குடுத்தது வீண்போகாது" என்று பதில் சொல்லிவிட்டு, அழியாத மையில் அடுத்த கிளிப்பை எழுத உட்கார்ந்துவிடுவார்.

அதிகம் அவதிப்பட்டவர் டீச்சரின் கணவர்தான். அவர் லிஃப்ட் மெக்கானிக். ஒருநாள் காலரில் 'லெஸ்' கிளிப் தொங்க வேலைக்குப் போய்விட்டார். முன்னால் என்ன வார்த்தை என்று பணிமனையில் ஆளுக்கு ஒன்றாகச் சொல்லி மத்தியானம் வரை நேரம் ஓட்டியிருக்கிறார்கள். 'மூளை'தான் ஜெயித்ததாம். "ஏம்மா, உன் படிப்புக்கு என் மானம்தான் கிடைச்சுதா?" என்று வந்து நின்றார். டீச்சர் கிளிப்பைக் கழற்றிக்கொண்டு, "நல்லவேளை, இதைத்தான் தேடிக்கிட்டிருந்தேன்" என்றார்.

இத்தனை பேருக்கு வால் மாட்டிவிட்ட டீச்சரின் வீட்டிலேயே ஒருவருக்கு மட்டும் வால் நிற்கவில்லை. மெக்கானிக்குக்கு லிஃப்டின் கம்பியைத் தொட்டாலே எங்கே கோளாறு என்று தெரிந்துவிடும். அறிக்கை எழுதச் சொன்னால் போச்சு. வேலைக்கு ஆகாத கதவு மோட்டாரைப் பற்றி 'யூஸ்லெஸ்' என்று எழுதவேண்டிய இடத்தில் 'யூஸ்ஃபுல்' என்று எழுதிக் கொடுத்தார். மேலிடம் அதை மனமுவந்து படித்து, அப்படியே விட்டுவிட்டது. ஒரு மாதம் ஐந்தாவது மாடிக்காரர்கள் எல்லாரும் படியேறினார்கள். அதற்குப் பிறகுதான் நிறுவனம் கறாராகச் சொன்னது: ஆங்கிலத் தேர்வில் தேறினால் இங்கேயே மேற்பார்வையாளர், இல்லையென்றால் மூன்று வருஷம் தொலைதூர ஊரில் பழைய வேலை. இரண்டு தடவை எழுதிப் பார்த்தார், இரண்டு தடவையும் கோட்டை விட்டார். மிச்சம் ஒரே ஒரு தடவை.

"போனா போகட்டும். வீடாவது சுத்தமா இருக்கும்" என்று டீச்சர் நாத்தனாரிடம் அலட்சியமாகச் சொன்னார். "அப்ப நீங்க, அண்ணி?" "நானா? என் கிளாஸை விட்டுட்டு நான் எதுக்கு அங்க போறேன்? ஒரு அடி நகரமாட்டேன்." சொன்னவர் அன்று குழம்புக்கு இரண்டு தடவை உப்புப் போட்டார். எல்லாரும் தயிரை ஊற்றிச் சமாளித்தார்கள்.

கடைசித் தேர்வுக்கு நாற்பது நாள் இருக்கும்போது டீச்சருக்கு ஒரு யோசனை உதித்தது. "இந்த மனுஷனுக்கு மூளை மண்டையில இல்ல, விரல்லதான் இருக்கு" என்று அறிவித்துவிட்டு, கணவரின் இடது கையைப் பிடித்து விரலுக்கு ஒன்றாக ஐந்து கிளிப்பை மாட்டினார். பருத்த கட்டைவிரலுக்கு 'ஃபுல்', அங்கே எல்லாம் நிறைய. ஆளைச் சுட்டுகிற விரலுக்கு 'அர்'. நடுவிரலுக்கு 'நெஸ்', அது தன்மை. மோதிரவிரலுக்கு 'லி', அது விதம். ஒன்றுமில்லாத சுண்டுவிரலுக்கு 'லெஸ்'. சொல்லைக் கேட்டதும் அர்த்தத்துக்குத் தக்கபடி எந்த விரல் வலிக்கிறதோ அந்த வால். மெக்கானிக் பல்லைக் கடித்துக்கொண்டு பழகினார். சாப்பிடும்போது கிளிப், டிவி பார்க்கும்போது கிளிப். பத்தாம் நாள் சரியான விரல் தானாகத் துடித்தது. முப்பதாம் நாள் அவர் பத்துக்கு எட்டு சரியாகச் சொன்னபோது டீச்சர் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்சநேரம் குழாயைத் திறந்துவிட்டார்.

தேர்வு நாளன்று காலை, மெக்கானிக்கைத் தேர்வு மையத்தில் விட்டுவிட்டு டீச்சர் எதிர்ப்பக்க நடைபாதையில் நின்றார். யாராவது கேட்டால் காய்கறி வாங்க வந்ததாகச் சொல்ல ஒரு பையும் கையில் இருந்தது. காய்கறிக் கடையோ ஊரின் மறுகோடியில் இருக்கிறது. கால்மணி நேரத்தில் கண்காணிப்பாளர் மெக்கானிக்கைக் கையோடு பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். இன்னொரு கையில் பிளாஸ்டிக் உறை, அதற்குள் ஐந்து கிளிப்.

"இவர் உங்க வீட்டுக்காரரா? விடையை விரல்ல மாட்டிக்கிட்டு வந்திருக்காரும்மா!"

டீச்சர் நெற்றியில் அடித்துக்கொண்டார். நாற்பது நாள், ஒவ்வொரு கிளிப்பிலும் தன் கையால், அழியாத மையால் எழுதியது. தேர்வுக்கூடத்தில் அது காப்பியடிக்கிற துண்டுச்சீட்டாகத் தெரியும் என்று ஒரு நிமிஷம்கூட அவருக்குத் தோன்றவில்லை. படித்தவர் செய்கிற காரியமா இது!

"சார், எனக்கு எழுத்து வேணாம் சார்" என்று மெக்கானிக் கெஞ்சினார். "கடி மட்டும் போதும்."

கண்காணிப்பாளர் தன் நீண்ட பணிக்காலத்தில் இப்படி ஒரு கோரிக்கையைக் கேட்டதில்லை. உறையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு யோசித்தார். "வெறும் கிளிப்புன்னா விதியில தடை ஒண்ணும் இல்ல. பத்து நிமிஷத்துல மணி அடிச்சுடும். இது மட்டும் சாயங்காலம் வரைக்கும் எங்கிட்டதான் இருக்கும்."

டீச்சர் நாலாபக்கமும் பார்த்தார். மூன்றாவது வீட்டு முற்றத்தில் கொடி நிறையத் துணி. அடுத்த கணம் அந்த ஐம்பத்திரண்டு வயது டீச்சர் கம்பிக்கதவைத் திறந்துகொண்டு ஓடிப்போய், பெரிய படுக்கை விரிப்பிலிருந்து கிளிப்புகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"யாரது? ஏய், பட்டப்பகல்ல திருட்டா?" என்று வீட்டுக்காரம்மா கரண்டியோடு வந்தார்.

"திருட்டு இல்லீங்க. அஞ்சே அஞ்சு கிளிப்பு. எங்க வீட்டுக்காரர் பரீட்சை எழுதணும்."

"பரீட்சைக்குப் பேனாதானே வேணும்?"

"அவருக்குக் கிளிப்பு வேணுங்க!"

அந்த அம்மாள் டீச்சரின் முகத்தைப் பார்த்தார். வாசலில் கண்காணிப்பாளர் பக்கத்தில் ஐந்து விரலையும் விரித்துக்கொண்டு நிற்கும் மனிதரைப் பார்த்தார். என்ன புரிந்ததோ, "அது லூசு, புடிக்காது. இதை எடுத்துக்க" என்று கெட்டியானதாக ஐந்தைத் தானே பொறுக்கிக் கொடுத்தார். கண்காணிப்பாளர் ஒன்றைத் தன் விரலில் மாட்டிச் சோதித்து, "ஆ!" என்று அலறிவிட்டு அனுமதித்தார். மெக்கானிக் தேர்வுக்கூடத்துக்குள் ஓடினார்.

"அது சரி, இப்ப என் விரிப்பை யாரு புடிக்கிறது?" என்றார் அந்த அம்மாள்.

டீச்சர்தான் பிடித்தார். இரண்டு மணி நேரம், ஈர விரிப்பின் இரண்டு ஓரத்தையும் கொடியோடு சேர்த்துப் பிடித்தபடி, கைகளை உயர்த்திக்கொண்டு நின்றார். காற்று அடித்தபோதெல்லாம் விரிப்பு அவர் முகத்தில் வந்து அறைந்தது. அந்த அம்மாள் படியில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டே கதை கேட்டார்.

"தோத்துட்டா?"

"மூணு வருஷம் வெளியூரு."

"நீயும் கூடப் போவியா?"

"நான் எதுக்குங்க? எனக்கு இங்க கிளாஸ் இருக்கு." காற்று விரிப்பை மறுபடி அவர் முகத்தில் அறைந்தது. அதற்குப் பின்னாலிருந்து, "பயமா இருக்குங்க" என்று ஒரு குரல் வந்தது. "அந்த மனுஷனுக்கு வெந்நீர்கூட வைக்கத் தெரியாது."

பன்னிரண்டு மணிக்கு மெக்கானிக் வெளியே வந்தார். விரல் நுனிகளெல்லாம் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தன.   கடன் வாங்கிய கிளிப்புகளைத் திருப்பி மாட்டிவிட்டு, இருவரும் சாயங்காலம் வரை நடைபாதையில் உட்கார்ந்திருந்தார்கள். நாலரைக்குச் சுவரில் பட்டியலை ஒட்டினார்கள். தேற அறுபது வேண்டும். மெக்கானிக்குக்கு எழுபத்தொன்று.

வீடு திரும்பும் வழியெல்லாம் அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். மாடியிலிருந்து நாத்தனார், "அண்ணா, ட்ரீட் எப்போ?" என்று கத்தினார். "இதோ, நல்ல சட்டையா மாத்திக்கிட்டு வர்றேன், கிளம்பு" என்று உள்ளே போன மெக்கானிக் அலமாரியைத் திறந்து அப்படியே நின்றார். அவருடைய தட்டில் ஒரு சட்டைகூட இல்லை.

"ஏம்மா, என் சட்டையெல்லாம் எங்க?"

டீச்சர் கூடத்திலிருந்து பாய்ந்து வருவதற்குள் அவர் குனிந்து, கட்டிலுக்கு அடியிலிருந்த பெட்டியை இழுத்துத் திறந்துவிட்டார். சட்டைகள் அத்தனையும் தேய்த்து மடித்து அடுக்கியிருந்தன.

"அடிப்பாவி! நான் பெயிலாவேன்னு மூட்டையே கட்டிட்டியா? சொல்லிக்குடுத்த வாத்தியாருக்கே நம்பிக்கை இல்லையா?"

"மூடுங்க, மூடுங்க, அதை மூடுங்க முதல்ல!"

அவர் கேட்டால்தானே? சட்டைகளை அள்ளி எடுத்தார். அடியில் டீச்சருடைய துணிகள் இருந்தன. மாற்றுக் கண்ணாடி இருந்தது. முழங்கால் வலித் தைலம் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, வகுப்பு நடத்தும் நிலையத்துக்கு எழுதிய ராஜினாமாக் கடிதம் நாலாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. தேதி மட்டும் போடவில்லை.

மெக்கானிக் கடிதத்தைப் படித்தார். நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். வாயைத் திறந்தார்.

"என்ன பார்வை? போய் டீ போடுங்க!" டீச்சர் கடிதத்தை வெடுக்கென்று பிடுங்கினார். அதைப் பெட்டிக்குள் திணித்து, சட்டைக் கைகள் வெளியே தொங்க மூடியை அழுத்தினார். அது மூடவில்லை. ஏறி, மூடியின் மேலேயே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.