சாய்ந்த மஞ்சள் கோடு

பட்டறையில் அவருக்குப் பெயர் 'செக்கிங்'. முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிடமாட்டார்கள்; முதுகுக்குப் பின்னால் வேறு பெயரே கிடையாது. ரத்தப் பரிசோதனை முடிவை நீட்டிய டாக்டரிடம், "இது என் ரத்தம்தான்னு எப்படிச் சொல்றீங்க?" என்று கேட்ட மனிதர். அளவு நாடா இரண்டு வைத்திருந்தார், ஒன்றை மற்றொன்றால் சரிபார்க்க. இரண்டுக்கும் ஒரு நூல் வித்தியாசம் வந்ததும் மூன்றாவது வாங்கினார். மூன்றும் மூன்று கணக்குச் சொல்லின. அன்றிலிருந்து நாடா விற்பவர்கள் மேலும் அவருக்குச் சந்தேகம்.

குணத்துக்கு ஏற்ற தொழிலும் வாய்த்துவிட்டது. ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள், கம்பெனி கொடுத்த சஸ்பென்ஷன் போதாதென்று அவரிடம் வருவார்கள். பழைய ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் கழற்றிவிட்டு, உயரத்தைக் கூட்டிக் குறைக்கிற மாதிரி புதியதை மாட்டுவார். அதைவிட அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது ஸ்வே பார். இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் இணைத்து, காருக்கு அடியில் குறுக்கே போகும் தடித்த இரும்புக் கம்பி அது; வளைவில் கார் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடாமல் பிடித்து வைக்கும். அவர் மாட்டுகிற கம்பியில் இரு முனையிலும் மும்மூன்று ஓட்டைகள். கடைசி ஓட்டையில் இணைத்தால் கம்பி இளகிக் கொடுக்கும், உள் ஓட்டைக்கு வந்தால் விறைக்கும். எந்த ஓட்டை என்று முடிவு செய்யுமுன் ஓட்டுகிறவரை ஏற இறங்கப் பார்ப்பார். "மெதுவாதான் சார் ஓட்டுவேன்" என்று சொன்ன ஒருவனையும் அவர் நம்பியதில்லை.

அந்த இணைப்பைப் பிடித்திருப்பது ஒரு லாக் நட். அதன் உள்ளே ஒரு பிளாஸ்டிக் வளையம் இருக்கும். மரையைக் கவ்விக்கொண்டு, எந்தக் குலுக்கலிலும் நட் கழலாமல் காக்கும். அதை முறுக்கியதும் நட்டிலிருந்து போல்ட் வரை மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு போடுவார், ரூலர் வைத்தாற்போல் நேராக. நட் நகர்ந்தால் கோடு முறிந்து காட்டிக் கொடுத்துவிடும். அதோடு விடுவாரா? இறுகிய நட்டின் மேல் ஸ்பேனர் வைத்துப் பார்த்தால் அது உண்மையைச் சொல்லாது என்பது அவர் கட்சி. முழுக்கக் கழற்றி, கோட்டைத் துடைத்து, மறுபடி முறுக்கி, மறுபடி கோடு. மாட்டிய அன்று மாலை ஒரு தடவை, மறுநாள் காலை ஒரு தடவை, சாவியைக் கொடுக்குமுன் ஒரு தடவை.

கூட இருந்து உழைத்தவன் மைத்துனன், மனைவியின் தம்பி. பன்னிரண்டு வருஷம். இடது கைக்காரன், வாய் அதிகம் திறக்காதவன். பேசாதவன் என்றாலே செக்கிங்குக்கு மூக்கில் வியர்க்கும்.

வினை ஒரு மஞ்சள் கோட்டில் தொடங்கியது. சர்வீஸுக்குத் திரும்பி வரும் காரை எப்போதும் மைத்துனன்தான் தூக்குவான்; அன்று அவரே தூக்கிப் பார்த்தால், ஸ்வே பார் நட்டில் கோடு சாய்ந்திருக்கிறது. முறியவில்லை, போடும்போதே சாய்வாகப் போட்ட கோடு. அவர் கை வேலை இல்லை. அடுத்து வந்த காரிலும் அதே சாய்வு. நட் டப்பாவைத் திறந்து பார்த்தார். நிரப்பி வைத்தது பாதிக்கு இறங்கியிருந்தது. இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. மூன்றாவது தடவையும் முறுக்கி முடித்து, வாடிக்கையாளரை ஆபீஸ் அறையில் உட்காரவைத்து அவர் விளக்கிக்கொண்டிருக்கும்போது, "நான் கழுவிக் கொண்டு வர்றேன் அத்தான்" என்று மைத்துனன் காரைப் பின்பக்கக் கொட்டகைக்கு ஓட்டிப் போவான். வேறு யாரையும் கழுவ விடமாட்டான். கார் கழுவ ஒருவனுக்கு இவ்வளவு ஆசையா? அவர் வேலையைக் கெடுக்கிறான், நட்டைத் திருடி வெளியே தனியாக வேலை எடுத்துச் செய்கிறான். செக்கிங் எல்லாவற்றையும் கோத்து முடிச்சுப் போட்டுவிட்டார்.

நேரே அவனிடம் கேட்டிருக்கலாம். ஆனால் வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னார்.

"உன் தம்பி திருடுறான்."

துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "பாத்தீங்களா?"

"கோட்டைப் பாத்தேன்."

"ஒரு கோட்டைப் பாத்துட்டு என் தம்பியைத் திருடன்னு சொல்றீங்க." மடித்த துணியை உதறி மறுபடி மடித்தாள்.

மறுநாள் டப்பாவை அவன் முன்னால் வைத்தார். "நட்டெல்லாம் எங்கடா போச்சு?"

மைத்துனன் டப்பாவையும் பார்த்தான், அவரையும் பார்த்தான். "அக்கா கிட்ட சொல்லிட்டீங்களா அத்தான்?"

"சொன்னேன். நீ இதுக்குப் பதில் சொல்லு."

"அவ கிட்டயே சொன்னதுக்கு அப்புறம் எனக்கென்ன பதில் இருக்கு."

மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் போய்விட்டான். மடியில் கனம் இல்லாதவன் சண்டை அல்லவா போட்டிருப்பான் என்று செக்கிங் தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டார்.

அடுத்த வாரம் பல் டாக்டர் அம்மாவின் சிவப்புக் கார் வந்தது. முன்பு ஸ்பிரிங் மாற்றியவர், இப்போது ஸ்வே பார் கேட்டார். மைத்துனன் எங்காவது நுழைந்து கை வைத்துவிடுவானோ என்ற பயத்தில் செக்கிங் அந்த நட்டுகளை மூன்று தடவை அல்ல, ஏழு தடவை கழற்றி முறுக்கினார். ஒன்பதாம் நாள் அந்த அம்மா வெளிறிப்போய்த் திரும்பி வந்தார்.

"ரெண்டு நாளா பின்னாடி டொக் டொக்குனு சத்தம். இன்னிக்குப் பாலத்து வளைவுல வண்டி பொசுக்குனு சாஞ்சிடுச்சு. திருப்புறேன், திரும்பவே இல்ல. சுவத்துக்கும் எனக்கும் ஒரு சாண்தான்."

காரைத் தூக்கினார். ஒரு பக்க இணைப்பு தொங்கிக்கொண்டிருந்தது. நட்டைக் காணோம். அவனிடம் ஒரு பட்டறைச் சாவி உண்டே என்றுதான் முதலில் ஓடியது புத்தி. திரும்பிப் பார்த்தார். சாவி அதே ஆணியில், மேலங்கியோடு தொங்கிக்கொண்டிருந்தது.

மறுபக்க நட்டைத் தொட்டார். இரண்டு விரலில் சுழன்று வந்தது. உள்ளே பிளாஸ்டிக் வளையம் தேய்ந்து வழவழவென்றிருந்தது. கவ்வுவதற்கு அதில் ஒன்றும் மிச்சமில்லை. ஏழு தடவை.

கை கழுவப் பின்பக்கக் கொட்டகைக்குப் போனார். கழுவுகிற ஸ்பாஞ்சுக்கு அடியில் ஒரு பழைய பெயிண்ட் டப்பா. தூக்க முடியாத கனம். திறந்தார். வாய் வரைக்கும் தேய்ந்த நட்டுகள். ஒவ்வொன்றிலும் ரூலர் வைத்தாற்போல் நேரான மஞ்சள் கோட்டின் ஒரு துண்டு. எல்லாம் அவர் போட்ட கோடுகள்.

செக்கிங் தேடிப் போனார்; மைத்துனன் உள்ளே கூப்பிடாமல் தன் வீட்டு வாசலிலேயே நின்றான்.

"நான் தேய்ச்ச நட்டையெல்லாம் எடுத்துட்டு நீ புதுசு போட்டிருக்க. ஏன்டா என்கிட்ட சொல்லல?" என்று கேட்டார் செக்கிங்.

"சொன்னேன் அத்தான், சேந்த மொத வருஷமே. லாக் நட்டைக் கழட்டினா தூக்கிப் போட்டுடணும், திரும்பத் திரும்ப முறுக்கினா பிடிக்காதுன்னு. 'நட்டுக் கடைக்காரன் உனக்கு என்ன தர்றான்'னு கேட்டீங்க."

அவருக்கு நினைவில்லை. ஆனால் கேட்டிருப்பார், அது அச்சு அசலாக அவர் பேச்சுதான்.

"தப்பு என் மேலதான். நாளைக்கு வந்துடு மச்சான்."

"வரமாட்டேன். நீங்க சந்தேகப்பட்டதுக்காக இல்ல. அது தெரிஞ்சுதானே இத்தன வருஷம் இருந்தேன். நீங்க டப்பாவை வெச்சுக் கேட்ட அன்னிக்குக் காலையில அக்கா ஃபோன் பண்ணினா. 'எடுத்தியாடா'ன்னு கேட்டா. அவளையும் கேக்க வெச்சுட்டீங்க."

மைத்துனன் கதவைச் சாத்துமுன் ஒன்று சொன்னான்: "அந்தம்மா வண்டிக்குப் புது நட்டு போட்டு ஒரே தடவை முறுக்குங்க. அப்புறம் தொடாதீங்க."

போட்டார். ஒரே தடவை முறுக்கினார். கோடு போட்டார். அதற்குப் பிறகு கை பரபரத்தது. இரண்டு கையையும் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு நின்றார்.

பல் டாக்டர் அம்மா சாவிக்குக் கை நீட்டினார். "நல்லா செக் பண்ணிட்டீங்கல்ல?"

"இல்லம்மா. பண்ணல."

"ஏன்?"

"பண்ணக் கூடாதுன்னு என் மச்சான் சொல்லியிருக்கான்."

அந்த அம்மா அவரைப் புரியாமல் பார்த்தார். பிறகு காரைப் பார்த்தார். "அவர் எங்கே? போன தடவை அவர்தான் கழுவிக் கொண்டு வந்து கொடுத்தார்."

செக்கிங் வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போனார்.