எங்கள் பின்னொழுங்கை

மழை பெய்து ஓய்ந்த நவம்பர் மாதத்துப் பின்னேரங்களில் எங்கள் வீட்டின் பின்பக்கத்திலிருந்து ஒரு வாசனை கிளம்பும். ஊறிப்போன அட்டைப்பெட்டியும், நரி மூத்திரமும், வேலிக்கு அப்பால் விழுந்து அழுகிய அப்பிள் பழங்களும், எவரோ வீட்டுக் குசினியில் வதங்கும் வெங்காயமும் ஒன்றாய்ச் சேர்ந்த வாசனை அது. இலண்டனின் தெற்கே மிச்சம் என்ற பகுதியில், தோளோடு தோள் ஒட்டிய செங்கல் வீடுகள் வரிசையாக நிற்கும் ஒரு தெருவில் நான் வளர்ந்தேன். எங்கள் தெருவுக்கும் அடுத்த தெருவுக்கும் நடுவே, இரு பக்கத்து வீடுகளின் கொல்லைப்புறங்களையும் பிரித்துக்கொண்டு ஒரு சிறு நடைபாதை ஓடியது. இரண்டு பேர் எதிர்ப்பட்டால் ஒருவர் ஒதுங்கி வழிவிட வேண்டிய அகலம். ஒவ்வொரு வீட்டுக்கும் அதில் திறக்கும் ஒரு சின்ன மரக்கதவு. யாழ்ப்பாணத்தில் வேலிகளுக்கிடையே ஓடும் பாதைக்கு என்ன பெயரோ அதையே அம்மா இதற்கும் வைத்துவிட்டார்: 'ஒழுங்கை'. பக்கத்து வீட்டில் இருந்த ஜமெய்க்காப் பெண்மணி போலின்கூட நாளடைவில் அப்படியே சொல்லப் பழகினார். ழகரம் மட்டும் அவருக்கு வாயில் நிற்கவில்லை; 'ஒலுங்கை' என்பார்.

பள்ளிக்கூடத்துக்கும் பஸ் தரிப்பிடத்துக்கும் அதுதான் குறுக்குவழி. ஆனாலும் அதை யாரும் தங்களுடையது என்று நினைத்ததில்லை. தொட்டால் அரிக்கும் காஞ்சோண்டியும் முட்பற்றையும் இடுப்பளவுக்கு வளர்ந்திருக்கும். உடைந்த கட்டில், பழைய மெத்தை, சக்கரம் போன குழந்தை வண்டி எல்லாம் அங்கேதான் வந்து சேரும். இருந்த விளக்குகள் எப்போதோ அணைந்துபோயிருந்தன. அணைந்ததைக் கவுன்சிலுக்கு அறிவிக்க வேண்டும் என்பதும் யாருக்கும் தோன்றவில்லை.

எனக்கு ஒன்பது வயதாயிருந்த குளிர்காலத்தில், ஒரு வெள்ளிக்கிழமை, கோயிலுக்குப் போய்விட்டு நேரே பள்ளிக்கூடம் வந்து என்னை அழைத்துக்கொண்டு அம்மா அந்த வழியாக வந்தார். நாலரை மணிக்கே இருட்டிவிட்டது. சேலைக்கு மேல் போட்டிருந்த கோட்டின் பொத்தான்கள் திறந்திருந்தன. இரண்டு கைகளிலும் மரக்கறிப் பைகள். பின்னாலிருந்து சைக்கிள் சத்தம் கேட்டு நாங்கள் வழிவிட ஒதுங்கினோம். சைக்கிளில் வந்தவன் எங்களைக் கடக்கும்போது ஒரு கை நீண்டது. அடுத்த கணம் அம்மா முழங்காலில் விழுந்து கிடந்தார், கத்தரிக்காய்கள் சேற்றில் உருண்டன, சைக்கிள் மறுமுனையில் மறைந்துவிட்டது. நான் கண்டது குனிந்த ஒரு முதுகை மட்டும்தான். அம்மாவின் கழுத்தைச் சுற்றிச் சிவந்த கோடு ஒன்று இருந்தது. தாலிக்கொடி இல்லை.

அந்தக் கொடி எங்கெங்கோ தப்பி வந்தது. இடம்பெயர்ந்து ஓடிய காலத்தில் அம்மா அதை அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்துக் கொண்டுவந்திருக்கிறார். "ஆமி, ஷெல், செக்பொயின்ற் எல்லாத்துக்குள்ளாலையும் கொண்டுவந்தனான். கடைசியில இஞ்ச வந்து ஒரு சைக்கிள்காரனுக்குக் குடுத்திட்டன்" என்று அன்று இரவு ஒரே ஒரு தரம் சொன்னார். பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. மஞ்சள் கயிறொன்றைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குள் இருந்துவிட்டார். தான் வேலை செய்த பாண் சுடும் தொழிற்சாலைக்கும் போகவில்லை. அப்பா இரவு ஷிப்ட் முடித்து வந்து, தூங்காமல் என்னைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டார். சமையலறை யன்னலின் திரையைக்கூட அம்மா விலக்கமாட்டார். அதைத் திறந்தால் ஒழுங்கை தெரியும்.

விசாரிக்க வந்த இளம் பொலிஸ்காரி நல்லவர். அம்மாவின் கையைப் பிடித்தபடியே எல்லாவற்றையும் கேட்டார். போகும்போது, இந்தப் பாதையைப் பற்றி இதற்கு முன் ஒரு முறைப்பாடும் வந்ததில்லை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

துக்கம் விசாரிப்பது போல வீட்டுக்குச் சனம் வந்தது. சோற்றுப் பொதியோடு வந்தார்கள், இடியப்பப் பெட்டியோடு வந்தார்கள். "வேற இடம் பாத்துப் போங்கோ, வடக்கு லண்டனில எட்மண்டன் பக்கம் நல்லதாம்" என்றார் ஒருவர். நாலைந்து வீடு தள்ளியிருந்த வசந்தி அக்கா மட்டும் எல்லோரும் போகும்வரை காத்திருந்தார். பிறகு அம்மாவின் அருகே நகர்ந்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தினார்.

"அக்கா, எனக்கும் நடந்தது. போன வருஷம், இதே ஒழுங்கைக்குள்ள. என்ர சங்கிலி. இவருக்கு நான் சொல்லேல்லை. பாரமாயிருக்கு, கழட்டி வச்சிட்டன் எண்டு சொல்லிப்போட்டன்."

அம்மா அவரையே பார்த்தார்.

"மற்றப் பக்கத்து ரஞ்சியின்ர காப்பும் அப்பிடித்தான் போனது. அவைக்கு விசாக் கேஸ் முடியேல்லை, பொலிசுக்குப் போகப் பயம்."

அத்தனை நாளும் சுருண்டு கிடந்த அம்மா அன்று நிமிர்ந்து உட்கார்ந்ததை நான் கண்டேன். அழுகை வரும் என்று நினைத்தேன். வந்தது கோபம். "உங்களில ஒருத்தி வாய் திறந்திருந்தால் நான் அந்த வழியால வந்திருப்பனே? ஒவ்வொருத்தரும் பொத்திப் பொத்தி வச்சால் அவன் வந்துகொண்டுதானே இருப்பான்!" வசந்தி அக்கா அழுதார். அம்மா தேத்தண்ணீர் போட எழுந்தார், பல நாட்களுக்குப் பிறகு.

போலின் பஸ் ஓட்டுபவர். அகன்ற தோள், உரத்த சிரிப்பு. தெருக்காரர்கள் மாதம் ஒருமுறை தேவாலய மண்டபத்தில் கூடிப் பேசுவதற்கு அவர்தான் ஏற்பாடு செய்வார். அதற்கான அழைப்புத் துண்டுகளை ஆண்டுக்கணக்காக எங்கள் கதவுக்குள்ளும் போட்டிருக்கிறார். நாங்கள் அவற்றைப் பீட்சாக்கடை விளம்பரம் என்று எண்ணிக் குப்பையில் போட்டிருக்கிறோம். சூப் சட்டியோடு அவர் வந்தபோது அம்மா இதைச் சொல்ல, போலின் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு, "இந்தமுறை வருவாயா?" என்று கேட்டார். அம்மா தலையசைத்தார்.

தனியாகப் போகவில்லை. ஒழுங்கையின் இரு பக்கத்துத் தமிழ்ப் பெண்கள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு போனார். வீட்டில் விட ஆளில்லாததால் பிள்ளைகள் நாங்களும் போனோம். குப்பைத்தொட்டியையும் நாய்களையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்த சில வயதான வெள்ளைக்காரர்கள், கம்பளித் தொப்பியும் கோட்டுமாக நாங்கள் உள்ளே நுழைந்ததைக் கண்டு பேச்சை நிறுத்தினார்கள். கூடுதல் கதிரைகளை எடுக்கப் போலின் ஓடினார்.

வசந்தி அக்கா நடந்ததை ஆங்கிலத்தில் சொல்லி முடித்ததும், கென் என்ற ஓய்வுபெற்ற தபால்காரர் தொண்டையைச் செருமினார். கெட்ட மனிதர் அல்லர், ஆனால் முகத்துக்கு நேரே பேசுபவர். "இவ்வளவு தங்கத்தைத் தெருவில் போட்டுக்கொண்டு திரிந்தால் இப்படித்தான் நடக்கும். வீட்டில் வைத்துவிட்டு வரலாமே?" என்றார்.

அம்மா எழுந்தார். அவருடையது தொழிற்சாலையில் பொறுக்கிய ஆங்கிலம்; துண்டு துண்டாக வரும். "ஐயா, உங்கள் விரலில் மோதிரம். கலியாண மோதிரம். பஸ்ஸுக்குப் போகும்போது கழற்றுவீர்களா?"

கென் தன் கையைப் பார்த்தார். அவருடைய மனைவி இறந்து நெடுங்காலம் ஆகிவிட்டது என்பதும் அந்த மோதிரத்தை அவர் கழற்றியதே இல்லை என்பதும் அம்மாவுக்குத் தெரியாது. அந்த மண்டபத்துக்கு வழக்கமாக வருபவர்கள் எல்லோருக்கும் தெரியும். அப்போதுதான் பின்வரிசையில் இருந்த ஜோன் என்ற மூதாட்டி கைத்தடியை ஊன்றி மெல்ல எழுந்தார். தன் கைப்பையும் அதே பாதையில்தான் பறிபோனது என்றார். மகளுக்குத் தெரிந்தால் தன்னை முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடுவாள் என்று பயந்து, பையை பஸ்ஸில் தவறவிட்டதாகச் சொல்லிவிட்டாராம். வசந்தி அக்கா இதைத் தமிழில் சொன்னதும் எங்கள் பெண்களிடையே ஒரு பெருமூச்சு ஓடியது. ரஞ்சி அன்ரி எழுந்துபோய் ஜோனின் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்துகொண்டார்.

என் சிறுவயதின் மிகச் சந்தோஷமான நாட்கள் அதற்குப் பின் வந்த வசந்தகாலத்துச் சனிக்கிழமைகள்தான். எல்லா வீடுகளின் பின்கதவுகளும் திறந்தன. அப்பாமார் கத்தியும் மண்வெட்டியுமாக இறங்கிப் பற்றைகளை வெட்டினார்கள். கென் கையுறை இல்லாத சிறுவர்களை அதட்டிக்கொண்டே தன் கையுறைகளைக் கழற்றிக் கொடுத்தார். மெத்தைகளை அள்ளிப்போகக் கவுன்சில் லொறி வந்தது. கேட்டதும் விளக்குகளும் வந்தன. போலின் காய்ச்சிய இஞ்சிப் பானத்தைக் குடித்துத் தொண்டை எரிந்து நாங்கள் துள்ள, அம்மா சுட்ட வடையைக் கடித்துக் கென் துள்ளினார். பள்ளிக்கூடம் விட்டதும் தாய்மார் முறைவைத்துப் பிள்ளைகளை ஒன்றாக நடத்தி வருவார்கள். அதற்கு நாங்கள் வைத்த பெயர் 'கால் பஸ்'. பெரியவர்கள் ஒவ்வொருவரின் கழுத்திலும் ஒரு விசில். முதல் மாதத்தில் அது நரிக்கும், ஒருமுறை எரிவாயுக் கணக்கெடுக்க வந்த மனிதருக்கும் ஊதப்பட்டது. ஊதியவர்களை யாரும் ஏசவில்லை. "ஊதினது நல்லது. சும்மா வந்து பாத்திட்டுப் போறதில எங்களுக்கு என்ன குறைஞ்சு போகுது?" என்பார் அம்மா. அவர் வேலைக்குத் திரும்பியிருந்தார்.

அடுத்த இலையுதிர்காலத்தில் ஒரு பின்னேரம், தேநீர் நேரத்தில், அந்த விசில் நிற்காமல் கேட்டது. ஜோனுடையது. அம்மா அகப்பையை அடுப்பிலேயே விட்டுவிட்டு ஓடினார். நான் அவருக்குப் பின்னால். ஒழுங்கையின் இரு பக்கத்துக் கதவுகளும் படபடவென்று திறந்து, ஒவ்வொரு வாசலிலும் வெளிச்சமும் ஆளும் தெரிந்தன. ஜோனின் பையோடு சைக்கிளில் வந்தவன் திகைத்து வேகத்தைக் கூட்டினான். கென் தன் குப்பைத்தொட்டியை அப்படியே பாதையில் தள்ளிவிட்டார். அவன் அதில் மோதி விழுந்தான், கால் மடங்கிவிட்டது, எழ முடியவில்லை. போலின் அவனுடைய தலையுறையை விலக்கினார். பதினாறு பதினேழு வயது இருக்கும். நோவில் அழுதுகொண்டிருந்தான். அம்மா உள்ளே போய் ஐஸ் கட்டியும் ஒரு போர்வையும் கொண்டுவந்து கொடுத்தார்.

வந்தது அதே பொலிஸ்காரிதான். ஜோனின் பை கையோடு அகப்பட்டதால் அந்த வழக்கில் சந்தேகமில்லை. பிறகு அவர் அம்மாவிடம் திரும்பி, உங்கள் நகையைப் பறித்தவனும் இவன்தானா, அடையாளம் சொல்ல முடியுமா என்று கேட்டார். ஒழுங்கை முழுவதும் அம்மாவைப் பார்த்தது.

"ஓமெண்டு சொல்லுங்கோ அக்கா. வேற ஆர், இவன்தான்" என்றார் வசந்தி அக்கா.

அம்மா குனிந்து அவனைப் பார்த்தார். பிறகு பொலிஸ்காரியிடம், தனக்குத் தெரியாது என்றார்.

"என்னக்கா நீங்கள்!"

"நான் கண்டது முதுகை. முதுகைப் பாத்து ஒருத்தனை இவன்தான் எண்டு சொல்ல ஏலாது, வசந்தி." அம்மா வசந்தி அக்காவின் பக்கம் திரும்பினார். "ஊரில தலையாட்டிக்கு முன்னால என்ர தமையனைக் கொண்டுபோய் நிப்பாட்டினவை. அவன் ஒருக்காத் தலையாட்டினான். அதோட சரி, அண்ணை திரும்பி வரேல்லை."

சாக்கால் முகம் மூடி இராணுவத்தோடு நின்று, பிடித்துவரப்பட்டவர்களைப் பார்த்துத் தலையசைத்துக் காட்டிக்கொடுப்பவர்களுக்குத்தான் ஊரில் அந்தப் பெயர் என்று பிற்பாடு அப்பா எனக்கு விளக்கினார். எனக்கு ஒரு மாமா இருந்தார் என்பதே அன்றுதான் எனக்குத் தெரியவந்தது. ஜோனின் பைக்காக அந்தப் பையனுக்குத் தண்டனை கிடைத்தது. அம்மாவின் கொடி கடைசிவரை கிடைக்கவில்லை. தன் சங்கிலிக்கும் நியாயம் கிடைக்காமல் போய்விட்டதென்று வசந்தி அக்கா சில வாரங்கள் அம்மாவோடு கதைக்கவில்லை. பொங்கலன்று அவராகவே சர்க்கரைப் பொங்கலோடு பின்கதவால் வந்தார்.

இப்போது ஜோனும் கென்னும் இல்லை. போலின் ஓய்வு பெற்றுத் தன் தீவுக்கே திரும்பிவிட்டார். வசந்தி அக்கா ஈஸ்ட் ஹாமில் மகனோடு இருக்கிறார். ஒழுங்கையின் இரு முனைகளிலும் இரும்புக் கதவு போட்டுப் பூட்டிவிட்டார்கள். பாதுகாப்புக்கு இப்போது குறைவில்லை. வீட்டுக்கு வீடு வாசல்மணியில் கமரா இருக்கிறது, தெருவுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழுவும் இருக்கிறது. ஆனால் ஒரு சத்தம் கேட்டால் அடுப்பில் இருப்பதை விட்டுவிட்டு ஓடிவரும் கால்களை அந்தத் தெருவில் நான் கண்டு கனகாலம்.

போன மாதம் அம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். முழங்கால் வலியோடு அவர் வந்து கதவைத் திறக்கச் சற்று நேரமாயிற்று. உள்ளே போய் உட்கார்ந்ததும் அவருடைய ஃபோன் சிணுங்கியது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"எங்கட வாசலில ஆரோ ஒரு பொம்பிளை கனநேரமா நிக்கிறாளாம். ஆருக்கும் தெரியுமோ, பொலிசுக்குச் சொல்லுவமோ எண்டு கேக்கினம். எதிர்வீட்டுக் கமராப் படமும் போட்டிருக்கு."

படத்தில் இருந்தது நான். எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மா சிரிக்கவில்லை, சப்பாத்தைத் தேடினார்.

"எங்கயம்மா போறியள்?"

"வா பிள்ளை."

எதிர்வீட்டு வாசலில் போய் மணியை அழுத்தினார். சின்ன நீல வெளிச்சம் எரிந்து, யார் என்று ஓர் ஆண்குரல் மணிக்குள்ளிருந்து கேட்டது. அம்மா மணிக்குப் பதில் சொல்லவில்லை. கையால் கதவைத் தட்டினார். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் தட்டினார். கதவு பாதி திறந்தது. முப்பது வயதுக்குள் இருக்கும், காலுறையோடு ஓர் இளைஞன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து முன்னே இழுத்தார்.

"இது என் மகள்," என்றார், அதே தொழிற்சாலை ஆங்கிலத்தில். "நன்றாகப் பார். அடுத்தமுறை வெளியே வந்து கேள்."

அவனுடைய முகம் சிவந்துவிட்டது. மன்னிக்கச் சொன்னான். இரண்டு வருடமாக எதிரே குடியிருந்தும் அம்மாவின் பெயர் தனக்குத் தெரியாது என்று சொல்லி, தயங்கி, அதைக் கேட்டான். அம்மா சொன்னார். அவனுக்கு அது சரியாகக் கேட்கவில்லை. கதவை முழுவதும் திறந்துகொண்டு, காலுறையோடே ஈரப் படியில் இறங்கி வந்து, இன்னொரு தரம் சொல்லும்படி கேட்டான்.