கடைமடைக்குத் தண்ணீர் வந்த படம்

எங்கள் அலுவலகத்தில் ஒற்றுமை இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இருந்தது. ஒரே ஒரு நாள், காலையிலிருந்து சாயங்காலம் வரை இருந்தது. என் கண்ணாலேயே பார்த்தேன்.

ஆற்றிலிருந்து பிரிகிற வாய்க்கால்களைப் பார்த்துக்கொள்ளும் சின்னப் பாசன அலுவலகம் எங்களுடையது. கணினியும் கடிதங்களும் என் பொறுப்பு. மற்ற நாட்களில் எங்கள் லட்சணம் எப்படியென்றால், மின்விசிறிக்குக் கீழே யார் மேசையைப் போடுவது என்பதிலேயே பாதிப் பேருக்குப் பேச்சு நின்றுபோயிருக்கும். மூத்த எழுத்தர் பொறியாளரைப் பற்றி என்னிடம் குறை சொல்வார். பொறியாளர் எழுத்தரைப் பற்றி ஜீப் ஓட்டுநரிடம் சொல்வார். மதகுகளைத் திறந்து மூடுகிற லஸ்கர் எங்கள் எல்லோரைப் பற்றியும் டீக்கடையில் சொல்வார்.

என் அண்ணனுக்கு நாகப்பட்டினம் பக்கம், எங்கள் வாய்க்கால் போய் முடிகிற கடைமடையில் விவசாயம். கோயில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துச் செய்கிறான். அந்த வருஷம் ஒரு மழையை நம்பிச் சம்பா நெல்லை நேரடியாக விதைத்துவிட்டான். முளைத்து விரல் நீளம் வந்த பயிர் தண்ணீரில்லாமல் நுனி கருக ஆரம்பித்திருந்தது. கல்லணையில் திறந்த தண்ணீர் எங்கள் அலுவலக வாசலைத் தாண்டி நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. அவன் ஊருக்கு முந்தின ஊரில் ரோட்டுக்கு அடியில் ஒரு சின்னப் பாலம். அதன் வாயை வெங்காயத்தாமரை அடைத்துக்கொண்டு கிடந்தது. வந்த தண்ணீர் அங்கே முட்டிப் பக்கத்துத் தரிசில் வழிந்து வீணாகிக்கொண்டிருந்தது.

அண்ணன் என்னிடம் சொல்லிச் சொல்லி அலுத்தான். நான் பொறியாளரிடம் சொல்லிச் சொல்லி அலுத்தேன். பொக்லைன் இல்லை என்பார், டீசல் இல்லை என்பார், ஆள் இல்லை என்பார். கடைசியில் அண்ணன் புகார் எண்ணுக்குப் போன் போட்டுவிட்டான். அதுவும், "உன் வேலைக்கு ஒண்ணும் வந்துடாதேம்மா?" என்று என்னைக் கேட்டுவிட்டுத்தான் போட்டான்.

புகார் மேலே போய், மேலிருந்து எங்கள் தலையில் இறங்கியது. அன்று மாலைக்குள் தீர்த்தாக வேண்டும், தீர்த்ததற்குப் படமும் வேண்டும் என்று உத்தரவு. பொறியாளர் எல்லோரையும் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தார். டீ வந்தது.

"எல்லாரும் சேந்து யோசிங்க. சாயங்காலத்துக்குள்ள முடிச்சாகணும்" என்றார்.

யோசிக்க இதில் என்ன இருக்கிறது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பொக்லைனப் பாலத்துக்கு அனுப்புங்க சார். அரை நாள் வேலை" என்றேன்.

"கரெக்ட்தாம்மா. ஆனா அது ரோட்டுக்காரங்க பாலம். ஒரு கல்லு பேந்தா நம்மள கேப்பாங்க. எழுதிக் கேட்டு அனுமதி வாங்கணும். இன்னைக்கு ஆவாது."

அப்போது மூத்த எழுத்தர் தொண்டையைச் செருமினார். "சார், புகார்ல என்ன இருக்கு? கடைமடைக்குத் தண்ணி வரலைன்னு இருக்கு. கடைமடையில தண்ணி ஓடுற மாதிரி ஒரு படம் இருந்தா முடிஞ்சுது."

அவ்வளவுதான். வருஷக்கணக்கில் தூங்கிக்கொண்டிருந்த மூளைகளெல்லாம் ஒரே நேரத்தில் விழித்துக்கொண்டன. பாலத்துக்குக் கொஞ்சம் மேலே, பனைமரங்கள் நிற்கிற வளைவு பார்ப்பதற்குக் கடைமடை மாதிரியே இருக்கும் என்றார் லஸ்கர். மேலே பக்கத்து வாய்க்கால்களுக்குப் பிரிகிற மதகுகளைக் கொஞ்ச நேரம் அடைத்தால் அங்கே தண்ணீர் நிரம்பித் ததும்பும் என்றும் சொன்னார். பொக்லைன்காரன் தனக்குச் சொந்தம்தான், போன் போட்டால் வந்து வெங்காயத்தாமரையை வாரிவிடுவான் என்றார் ஓட்டுநர். புதுத்தண்ணீர் வந்தால் ஜனங்கள் பூவும் நெல்லும் தூவி வரவேற்பார்களே, அது படத்தில் இருந்தால்தான் எடுபடும் என்றார் எழுத்தர்.

"பூத் தூவ ஒரு விவசாயி வேணுமே" என்றார் பொறியாளர்.

"மேடத்தோட அண்ணனே இருக்காரே சார்" என்றார் லஸ்கர். "புகார் குடுத்தவரே பூத் தூவுனா அப்பறம் யாரு என்ன கேக்க முடியும்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "அவன் பயிரு காயுது சார். அந்த வயித்தெரிச்சல கொட்டிக்காதீங்க. நான் கூப்புட மாட்டேன்" என்றேன்.

"உணர்ச்சிவசப்படாதீங்கம்மா. இது டீம் ஒர்க்" என்றார் பொறியாளர். லஸ்கர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். நானும் வெளியே வந்து அண்ணனுக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. அதற்குள் வண்டியைக் கிளப்பியிருக்கிறான்.

அன்று என் சகாக்கள் வேலை செய்த அழகைச் சொல்லத்தான் வேண்டும். சீசன் முழுக்க இல்லாத பொக்லைன் டீ ஆறுவதற்குள் கிளம்பிவிட்டது. இல்லாத டீசல் இருந்தது. ஜீப்பை விட்டு இறங்காத பொறியாளர் பேன்ட்டை மடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினாராம். படத்துக்குள் எவ்வளவு தூரம் விழுமோ அவ்வளவு தூரத்துக்கு வாய்க்காலைக் கண்ணாடி போலச் சுத்தம் செய்தார்கள். அங்கிருந்து அந்தப் பாலம் கூப்பிடு தூரம். பொக்லைன் ஒரு பீடி பிடிக்கிற நேரத்தில் நகர்ந்து போயிருக்கலாம்.

படம் மத்தியானமே அலுவலக வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிட்டது. நடுவில் என் அண்ணன், திருவிழாவுக்கு மட்டும் போடுகிற வெள்ளைச் சட்டையில். கையிலிருந்து செவ்வந்தி உதிர்ந்துகொண்டிருக்கிறது. பல் தெரியச் சிரிக்கிறான். பக்கத்தில் பொறியாளர் தண்ணீரைக் கும்பிடுகிறார். அந்தப் படத்தைக் கணினியில் ஏற்றிப் புகாரை முடிக்கச் சொன்னார்கள். நான் எழுந்துவிட்டேன். எழுத்தர் என் நாற்காலியில் உட்கார்ந்து, என்னைப் பார்க்காமலேயே தன் கையால் ஏற்றினார். பூத் தூவுவது புகார் கொடுத்தவர்தான் என்று அடியில் ஒரு வரியும் சேர்த்தார்.

சாயங்காலம் அண்ணன் கூப்பிட்டான்.

"தண்ணி பாயுற வாமடையத் தொறந்து வச்சுட்டு வயல்லயே நிக்கிறேன்மா. படம் எடுத்ததும் பொக்லைன் நேரா பாலத்துக்குத்தான் வருதுன்னாங்க. கெளம்பிடுச்சா?"

"அது அப்பவே திரும்பிப் போயிடுச்சுண்ணே."

"அப்ப நாளைக்கு வருமா?" என்றான்.

வராது என்று சொன்னேன். நடந்ததையெல்லாம் சொன்னேன். அவன் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். மறுநாள் புகார் எண்ணுக்கு மறுபடியும் போன் போட்டான். பேசிய பெண் ரொம்ப மரியாதையாகச் சொன்னாளாம், "உங்க புகார் தீந்துடுச்சு சார். படத்துல நீங்களேதான பூத் தூவுறீங்க?"

பாலத்துக்கு அனுமதி கேட்டு நான் கடிதம் தட்டினேன். கையெழுத்துக்குப் போன இடத்திலேயே அது கிடந்தது. தீர்ந்துபோன பிரச்சினைக்கு எதற்குக் கடிதம்? அண்ணன் கருகின பயிரில் ஆட்டை மேயவிட்டுவிட்டு, நாகப்பட்டினம் துறைமுகத்தில் மீன்கூடை தூக்கப் போனான்.

எங்களுக்குப் பாராட்டுப் பத்திரம் வந்தது, குழுவாகச் சேர்ந்து குறைதீர்த்ததற்காக. பத்திரத்தையும் படத்தையும் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினார்கள். மாட்டிய இடம் என் மேசைக்கு நேர் எதிர்ச் சுவர். வேண்டுமென்றே செய்யவில்லை, அங்கேதான் ஆணி இருந்தது என்றார் எழுத்தர். நம்பச் சொல்கிறார்.

அதன் பிறகு அண்ணன் ஒரே ஒரு தடவை அலுவலகத்துக்கு வந்தான், அம்மாவின் மருந்துச் சீட்டைக் கொடுக்க. "வாங்க வாங்க, நம்ம ஹீரோ!" என்று எழுத்தர் எழுந்து கைகொடுத்தார். அண்ணனும் கையைக் கொடுத்தான். மீன் வாடை அடிக்குமோ என்று உடனே இழுத்துக்கொண்டான். பிறகு சுவரோரம் போய் அந்தப் படத்தைக் கிட்டத்தில் நின்று பார்த்தான்.

சீட்டை என் கையில் வைக்கும்போது, யாருக்கும் கேட்காத குரலில், ஏதோ தப்புச் செய்தவன் மாதிரி சொன்னான்:

"அன்னைக்கு நெசமாவே தண்ணி வருதுன்னு நெனச்சுத்தாம்மா சிரிச்சேன்."