வாணியின் சைக்கிளோடு கொல்லிமலைக்கு

காலை ஐந்து மணிக்கே சென்னை சென்ட்ரல் பார்சல் அலுவலகத்தில் போய் நின்றேன். ரயில் ஆறு மணிக்கு மேல்தான். லக்கேஜை அரை மணி நேரம் முன்னால் கொடுத்தால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எடை போட வேண்டும், சீட்டு எழுத வேண்டும், தள்ளுவண்டிக்காரர் டீ குடித்து முடிக்க வேண்டும். முப்பத்தொரு வருடம் இப்படியொரு ஜன்னலுக்கு உள்பக்கம் உட்கார்ந்து சீட்டு எழுதிய எனக்குத் தெரியாதா?

சைக்கிளை முந்தின நாளே நானே கட்டி வைத்திருந்தேன். வெளியே கொடுத்தால் இருநூறு ரூபாய் வாங்கிக்கொண்டு நாலு சுற்றுச் சணலைச் சுற்றித் தருவார்கள். ஹேண்டிலைத் திருப்பிச் சட்டத்தோடு ஒட்ட வைக்க வேண்டும். மிதிகட்டைகளைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் பக்கத்து மூட்டையைக் கிழித்துவிடும். மேலே கோணி, இரண்டு பக்கமும் பெரிய எழுத்தில் ‘சேலம்’. கொல்லிமலைக்கு நாமக்கல் இன்னும் கிட்டம்தான். ஆனால் ரயில் சற்று நேரம் நிற்கிற ஊராகப் பார்த்து லக்கேஜ் போடுவதுதான் புத்தி. இரண்டு நிமிடம் நிற்கிற ஊரில் உங்களை மட்டும் இறக்கிவிட்டு உங்கள் சாமான் அடுத்த மாவட்டத்துக்குப் போய்விடும்.

“மதிப்பு எவ்வளவு போடட்டும் சார்?” என்று கேட்டார் ஜன்னலுக்குள் இருந்த பெண்.

எத்தனை ஆயிரம் பேரிடம் நான் கேட்ட கேள்வி! பழைய சிவப்பு லேடீஸ் சைக்கிள். என் மகள் வாணி ஒன்பதாம் வகுப்புப் படித்தபோது வாங்கியது. “ஆயிரம் போடும்மா” என்றேன். கட்டணம் நூற்றுப் பத்து ரூபாய். சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

ரயில் கிளம்பியது. ஊர் பார்க்கப் போன பயணம் இல்லை இது, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். என் மனைவி சரோஜா இறந்து முப்பத்துநான்கு நாள் ஆகியிருந்தது. வாணிக்கு நான் சொல்லி அனுப்பவில்லை.

பதினோரு வருடத்துக்கு முன் வாணி, தன்னோடு கல்லூரியில் படித்த கொல்லிமலைப் பையனைக் கட்டிக்கொண்டு போனாள். சாதியைச் சொல்லிக் குதித்தேன். எனக்கு மகளே இல்லை என்று தெரு கேட்கக் கத்தினேன். சரோஜா கத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் துணி காயப்போடுகிற சாக்கில் போனோடு மாடிக்குப் போவாள். அரை மணி நேரம் கழித்து முகம் கழுவிக்கொண்டு இறங்குவாள். எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். தெரியாததுபோல் இருப்பதுதான் எங்கள் வீட்டு ஏற்பாடு.

அவள் இறந்தது ஒரு வெள்ளிக்கிழமை. “பொண்ணுக்குச் சொல்லியாச்சா?” என்று கேட்ட சொந்தக்காரர்களிடம் ஆச்சு என்று தலையாட்டினேன். ஞாயிற்றுக்கிழமை சரோஜாவின் போன் அடித்தது. திரையில் ‘வாணி’. எடுக்கவில்லை. என்னவென்று எடுப்பேன்? அடுத்த ஞாயிறும் அடித்தது. பிறகு தினமும் அடித்தது. ஒருநாள் சார்ஜ் இறங்கி அணைந்துபோனது. நான் சார்ஜ் போடவில்லை. பாவி, போடவில்லை.

நாளாக ஆகத் தூக்கம் போய்விட்டது. நேரில் போய்த்தான் சொல்ல வேண்டும். வெறுங்கையோடு எந்த முகத்தை வைத்துக்கொண்டு நிற்பது? வாணி போனதும் இந்தச் சைக்கிளை இரும்புக்கடையில் போடச் சொன்னேன். சரோஜா காதிலேயே வாங்காமல் மாதம் ஒருமுறை எண்ணெய் விட்டு, காற்றடித்து வைத்திருந்தாள். இதைக் கொண்டுபோனால் மகள் முகம் கொஞ்சம் இளகும், அந்த நேரம் பார்த்து விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். காட்பாடி, ஜோலார்பேட்டை, மொரப்பூர் என்று ஒவ்வொரு ஊராகப் போகப் போக, சொல்ல வேண்டிய வாக்கியத்தை மனசுக்குள் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். ஒன்றும் உருப்படியாக இல்லை.

பத்தே முக்காலுக்குச் சேலம். இறங்கியதும் கடைசிப் பெட்டிக்கு ஓடினேன். லக்கேஜை அவர்களே இறக்குவார்கள் என்று இருக்கையில் சாய்ந்திருக்கக் கூடாது. கிட்டே நின்று காட்ட வேண்டும். கோணியில் ஒரு கிழிசல். சைக்கிளுக்கு ஒன்றும் இல்லை.

மலையிலிருந்து மிளகு மூட்டை இறக்க வந்துவிட்டுக் காலியாகத் திரும்பும் குட்டியானை வண்டி ஒன்று கிடைத்தது. டிரைவர் செம்மேட்டுக்காரர், பெயர் பழனிசாமி. வாடகை எண்ணூறு. கட்டைப் பிரித்துப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு.

“ஏனுங்க, மலைக்குச் சைக்கிளா? ஏத்தத்துல மிதிக்க முடியாது, எறக்கத்துல நிறுத்த முடியாதுங்களே.”

“மக வீட்டுக்கு.”

“அப்பச் சரிங்க. பொண்ணு ஆசப்பட்டா யானையவே ஏத்திப்புடலாம். அம்மா வரலீங்களா?”

“பின்னால வருவாங்க” என்றேன். சொல்லிவிட்டு ராசிபுரம் வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன்.

பேளுக்குறிச்சி தாண்டிக் காரவள்ளி வரை சமவெளி. அங்கிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை உண்டு. முப்பதுக்கு மேல் காற்று குளிர்ந்தது. வயிறு பிரட்டுகிறவர்கள் முன் சீட்டில் உட்காருவது நல்லது. நாற்பத்தெட்டாவது வளைவில், “வண்டியைத் திருப்புங்க” என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தச் சாலையில் திருப்ப இடம் ஏது?

இரண்டு மணிக்குத் திருப்புலி நாட்டுக் கிளைச் சாலையில் பழனிசாமி இறக்கிவிட்டார். ஹேண்டிலை நேராக்கி மிதிகட்டைகளைப் பூட்டிக் கொடுத்ததும் அவர்தான். சரோஜா குறித்து வைத்திருந்த விலாசப்படி வாணி வீட்டுக்கு அங்கிருந்து மண்பாதை, முக்கால் கிலோமீட்டர். ஒரு பக்கம் மரவள்ளி, மறுபக்கம் சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகுக்கொடி. சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தேன்.

வாசலில் வாணி மிளகு உதிர்த்துக்கொண்டிருந்தாள். காதோரம் நரைத்திருந்தது. முப்பத்துநாலு வயதுக்கு நரையா? நிமிர்ந்தாள். என்னைப் பார்க்கவில்லை, சைக்கிளைத்தான் பார்த்தாள். பார்த்துக்கொண்டே எழுந்தாள், மடியிலிருந்த மிளகெல்லாம் கொட்டியது.

“அம்மா எப்பங்க போனாங்க?”

நான் இன்னும் வாயே திறக்கவில்லை. “யாரு... யாரு சொன்னா?”

“அம்மாதான். சைக்கிளக் குடுத்துவுடுன்னு ஒவ்வொரு தடவயும் கேப்பேன். அதுக்கு அவங்க, நான் இருக்கற வரைக்கும் இது இந்த ஊட்டத் தாண்டாது, வேணுமின்னா நீ வந்து எடுத்துக்கோம்பாங்க. அப்புடியாவது நான் வருவேன்னு.”

மகளைக் குளிர்விக்க என்று நான் கட்டிக்கொண்டு வந்தது சாவுச் செய்தியை. அதைச் சுமந்து வந்தவனுக்கு மட்டும் அது தெரியவில்லை. அதே வீட்டில் சோறு தின்றவனுக்கு, அவள் எதற்காக அந்தச் சைக்கிளுக்கு எண்ணெய் விட்டாள் என்று ஒரு நாளும் கேட்கத் தோன்றவில்லையே!

“மாசம் ஒண்ணு ஆச்சும்மா. வெள்ளிக்கிழமை. நெஞ்சு வலி.”

“ஞாயித்துக்கிழம நான் அடிச்சப்ப நீங்க எங்கிருந்தீங்க?”

“பக்கத்துலதான்.”

“மணி கேட்டுதுங்களா?”

“கேட்டுது.”

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். “ஒத்தப் பொண்ணுங்க நான். வாய்க்கரிசி போடக் கூட வுடலீங்களே” என்று மட்டும் சொன்னாள். பிறகு வீட்டுக்குப் பின்னால் போனாள். சாவு கேட்டால் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்வது எங்கள் வழக்கம். குடம் குடமாகத் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. நடுவே அழுகைச் சத்தமும் கேட்டது. வாசலிலேயே உட்கார்ந்து நானும் அழுதேன். சரோஜா செத்த அன்றைக்குக்கூட நான் அப்படி அழவில்லை.

காட்டிலிருந்து மாப்பிள்ளை வந்தார். பெயர் சின்னுசாமி. பதினோரு வருடத்தில் முதல்முறை அவர் முகத்தை நேராகப் பார்த்தேன். “சாப்புடுங்க மாமா” என்று சாமைச் சோறும் ரசமும் போட்டார். “ராத்திரி தங்கிட்டுக் காலையில போலாமுங்க” என்றும் சொன்னார். மறுத்துவிட்டேன். தங்கும் யோக்கியதை எனக்கு ஏது?

நாலே முக்கால் பஸ்ஸுக்கு இரண்டு பேரும் சாலை வரை வந்தார்கள். வாணியின் தலைமுடி இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. பஸ் வளைவில் தெரிந்ததும் எனக்குப் பதற்றம் வந்துவிட்டது. வாணி பக்கம் திரும்பினேன்.

“ஒரு தடவை வீட்டுக்கு வா கண்ணு.”

வாணி என்னைப் பார்த்தாள். அன்றைக்கு முழுக்க அப்போதுதான் நேராகப் பார்த்தாள். கோபமாகக் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டாள்.

“யாரப் பாக்க வரோணுங்க?”

என்னைப் பார்க்க என்று சொல்லியிருக்கலாம். இரண்டே வார்த்தை. கண்டக்டர் விசில் அடித்தார். நான் படியில் ஏறிவிட்டேன்.