இடப்பக்கம் திருப்பினால் நின்றுபோகும் மோட்டார்

கரங்கானிலிருந்து கூலிம் தொழிற்சாலைக்கு மோட்டார் சைக்கிளில் போகிறவள் நான். ஹேண்டிலை இடப்பக்கம் திருப்பினாலே எஞ்சின் அணைந்துவிடும். பட்டறைக்காரர் பிளக்கை மாற்றினார், காயிலை மாற்றினார். கடைசியில், "உங்களுக்கு ஓட்டத் தெரியலக்கா" என்றார்.

போன வாரம் சந்தியில் திரும்பும்போது எஞ்சின் அணைந்தது. பின்னால் வந்த கம்பெனி பஸ் ஒரு முழத் தூரத்தில் நின்றது. வண்டியைப் பட்டறைக்குத் தள்ளிப் போய், ஹேண்டிலின் அடியில் நானே குனிந்து பார்த்தேன். கோயில் பூசையன்று என் கணவர் வண்டிக்குக் கட்டிய மஞ்சள் கயிறு, சாவிக்குப் போகும் வயரையும் சேர்த்து இறுக்கியிருந்தது. கயிற்றை அறுத்தேன். வயரின் தோல் கிழிந்து, உள்ளே அறுந்திருந்த செம்புக் கம்பி, ஹேண்டிலை இடப்பக்கம் திருப்பும்போதெல்லாம் இழுபட்டு விலகியது.

"இத நீங்க பாக்கவே இல்லையா?"

"பாத்தேன் லா அக்கா. சாமி கயிறு, கை வைக்க பயமா இருந்துச்சு."

என் உயிர் போவதில் மட்டும் அவருக்குப் பயமில்லை!

வயரை மாற்றியாயிற்று; கயிறு இப்போது பக்கக் கண்ணாடியின் கம்பியில் இருக்கிறது. பழுதைக் கண்ணில் காட்டாமல் எவரும் என் வண்டியில் ஒரு திருகாணியைக்கூடக் கழற்ற முடியாது.